சிங்கப்பூர் டு தஞ்சாவூர்: ஃப்ளைட் 4 மணி நேரம்தான்... வீடு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்?

டெல்டா கிராமத்துச் சாவு வீடுகளில் அடிக்கடி கேட்கிற கேள்வி, ‘எப்ப எடுக்குறாங்க?’ மகன் சிங்கப்பூரில் இருந்தால், ‘பையன் வந்ததும்’ என்பதுதான் பதில். பையன் எப்போது வருவான்? செல்போனில் தேடினால், திருச்சிக்கு சுமார் 4 மணி நேரம் என்று வரும். அதை மட்டும் நம்பி நேரம் குறித்தால் சிக்கல்தான்.

தூரம் எவ்வளவு?

சிங்கப்பூர் - திருச்சி வான்வழித் தூரம் சுமார் 3,000 கி.மீ. சென்னைக்கும் ஏறக்குறைய அதே தூரம்தான். 1926-ல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் ஓடிய காலத்தில், நாகப்பட்டினத்தில் ஏறி சிங்கப்பூரில் இறங்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். இப்போது விமானத்தில் 4 முதல் 4½ மணி நேரம். காற்றின் திசையைப் பொறுத்து சில நிமிடங்கள் கூடும், குறையும்.

கடிகாரம் செய்யும் குழப்பம்

சிங்கப்பூர் நேரம் நம்மைவிட 2½ மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே இரவு 8 மணிக்குக் கிளம்பினால், இங்கே 9.45 மணி வாக்கில் இறங்கிவிடலாம். டிக்கெட்டைப் பார்த்தால் ஒன்றே முக்கால் மணி நேரப் பயணம் போலத் தெரியும். போகும்போது இது தலைகீழ். கிட்டத்தட்ட 7 மணி நேரம் போலத் தெரியும்.

தரையில் போகும் நேரம்

சாங்கி விமான நிலையத்துக்கு 2 மணி நேரம் முன்னதாகவே போகணும். திருச்சியில் இமிக்ரேஷன், லக்கேஜ் என ஒரு மணி நேரம். அங்கிருந்து தஞ்சாவூர் சுமார் 60 கி.மீ., காரில் ஒன்றரை மணி நேரம். மொத்தம் 9 மணி நேரம். வேதாரண்யம் பக்கம் என்றால் தஞ்சாவூரிலிருந்து இன்னும் சுமார் 100 கி.மீ. இருக்கிறது. திருச்சி டிக்கெட் கிடைக்காமல் சென்னையில் இறங்கினால், தஞ்சாவூர் வரவே இன்னொரு 6, 7 மணி நேரம் ஆகும். அதாவது, கடல் தாண்டி வருவதைவிட சென்னையிலிருந்து ஊருக்கு வருவதற்கு அதிக நேரம்!

என்ன செய்யணும்?

தஞ்சாவூரிலும் ஓடுதளம் இருக்கிறது. ஆனால் அது விமானப்படைத் தளம். 2020 ஜனவரியில் சுகோய்-30 போர் விமானப் படைப்பிரிவு அங்கே சேர்க்கப்பட்டது. பயணிகள் விமானம் பற்றிய பேச்சு பல வருஷமாக ஓடுகிறது. அது வந்தாலும் உள்ளூர் சேவையாகத்தான் தொடங்கும். சிங்கப்பூர் பயணிக்குத் திருச்சிதான் வாசல்.

திருச்சியின் புதிய முனையம் 2024 ஜனவரி 2-ம் தேதி திறந்துவைக்கப்பட்டது. கட்டடம் பெரிசாகிவிட்டது; வெளியே வந்தபிறகு ஊருக்குப் போகும் வழியும் அதற்கேற்ப மாறணும். விமானம் இறங்கும் நேரத்தை ஒட்டி தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிக்கு நேரடி பஸ்கள் வேண்டும், குறிப்பாக இரவில். இதற்குப் புது ஓடுதளம் தேவையில்லை. நேரம் பார்த்து பஸ் விட்டாலே போதும்.

அதுவரை டிக்கெட் போடும்போது விமான நேரத்தை மட்டும் பார்க்காதீங்க. வாசலில் கிளம்பி வாசலில் இறங்கும் வரைக்கும் கூட்டிப் பாருங்க. சென்னை டிக்கெட் 2,000 ரூபாய் குறைவாக இருக்கலாம். ஆனால் கூடுதல் கார் வாடகையையும் அரை நாளையும் சேர்த்தால் கணக்கு மாறிவிடும்.