நூற்றைம்பது பேர்

காலநிலைச் செயல்திட்டம் ஒன்றைப் பற்றி மக்கள் கருத்துச் சொல்லலாம் என்று இந்த வாரம் ஓர் அறிவிப்பு. நாளிதழின் உள்பக்கத்தில், ஏலத்துக்கும் டெண்டருக்கும் நடுவே, பொடி எழுத்தில். கருத்தை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டுமாம். எந்த ஊர் என்பது முக்கியமில்லை, பல ஊர்களில் இப்படித்தான் கேட்கிறார்கள். வெயிலில் சித்தாள் வேலை பார்க்கிறவரும் வெள்ளத்தில் வீட்டைப் பறிகொடுத்தவரும் மின்னஞ்சல் அனுப்பப்போவதில்லை என்பது கேட்கிறவர்களுக்கும் தெரியும். என் கோபமெல்லாம் அதில்தான்.

பிரான்ஸில் வேறு மாதிரி கேட்டார்கள். 2018 நவம்பரில் எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து மஞ்சள் அங்கி அணிந்த போராட்டக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். அந்தக் கொந்தளிப்புக்குப் பிறகு அதிபர் மக்ரோன் குடிமக்கள் மன்றம் ஒன்றை அமைத்தார். தொலைபேசி எண்களைக் குலுக்கிப்போட்டு எடுத்து 150 பேர். 16 வயதானவர்களுக்கும் அதில் இடம் இருந்தது.

சீட்டு எடுத்து ஆளைத் தேர்வது நமக்குப் புதிதல்ல. உத்திரமேரூரில் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுத்த குடவோலை முறை இருந்தது. ஆனால் அங்கே வரி கட்டும் நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர் பெயர்தான் குடத்துக்குள் போயிற்று. பிரான்ஸிலோ கையில் ஒரு ஃபோன் போதுமாயிருந்தது.

அந்த 150 பேருக்கும் ஒரே கேள்வி. 1990-உடன் ஒப்பிடுகையில், பசுங்குடில் வாயுக்களை 2030-க்குள் குறைந்தது 40 சதவீதம் குறைக்க வேண்டும். இல்லாதவர் தலையில் பாரம் விழக்கூடாது. எப்படிச் செய்வது? 2019 அக்டோபர் முதல் வார இறுதிகளில் கூடினார்கள். வந்தவர்களுக்குப் படி கொடுத்தார்கள். நிபுணர்களை எதிரே உட்காரவைத்துத் துருவித் துருவிக் கேட்டார்கள். 2020 ஜூனில் 149 பரிந்துரைகள் வந்தன. அரசியல்வாதிகள் வாய்திறக்கத் தயங்குவதை இந்தச் சாதாரண மக்கள் கேட்டார்கள்: நெடுஞ்சாலை வேகம் 130 கிலோமீட்டரிலிருந்து 110 ஆகட்டும். ரயிலில் 4 மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊருக்கு விமானம் வேண்டாம். பெரிய நிறுவனங்கள் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லாபத்தில் 4 சதவீதம் வரி.

எதையும் வடிகட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார் மக்ரோன். வேக வரம்பையும் லாப வரியையும் அவரே தள்ளிவிட்டார். விமானத்துக்கான 4 மணி நேரம் சட்டத்தில் இரண்டரையாகச் சுருங்கியது.

2021 பிப்ரவரியில் மன்றம் மறுபடி கூடியது. தங்கள் பரிந்துரைகளை அரசு எடுத்துக்கொண்ட விதத்துக்கு மதிப்பெண் போட்டது: 10-க்கு 3.3.

இதைத் தோல்வி என்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் காலநிலைச் சட்டம் வந்தபோது, மக்கள் கேட்டது எது, வெட்டப்பட்டது எது என்று வரிக்கு வரி காட்டி அரசோடு சண்டை போட பிரான்ஸில் எவராலும் முடிந்தது.