விருந்தினனுக்கு நேசம், குடிமகனுக்குத் தண்டனைச் சட்டமா?

எரிமலை அடிவாரத்தில் வெந்நீர் ஊற்றுக் குளியல், மழைக்காட்டின் மேலாகத் தொங்குபாலத்தில் நடை, மரமுகடுகளுக்கு இடையே கம்பிவடத்தில் சறுக்கல், முடிவில் பசிபிக் கரையில் இரண்டு நாள் ஓய்வு. கொஸ்தாரிக்காவுக்கான குழுச் சுற்றுலாக்களின் வழமையான நிகழ்ச்சிநிரல் இதுதான். இந்த நிகழ்ச்சிநிரலின் தலைப்பில் சில நிறுவனங்கள் ‘தன்பாலீர்ப்பாளருக்கு நேசமானது’ என்ற அடைமொழியையும் சேர்த்துக் கொள்கின்றன. அடைமொழிகளைச் சந்தேகிப்பது பத்திரிகைத் தொழில் எனக்குக் கற்றுத்தந்த முதற்பாடம். ‘சுமுகமான தேர்தல்’, ‘குறைந்தபட்சப் பலப்பிரயோகம்’ என்றெல்லாம் வந்த செய்திகளைத் திருத்திப் பழகிய கை இது. எனவே இந்த அடைமொழியைக் கண்டதும் எழுகின்ற கேள்வி ஒன்றுதான். யார், யாருக்கு நேசம்?

முதலில் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. இத்தகைய சுற்றுலா என்றதும் ‘கலாசாரச் சீரழிவு’ என்று முகம் சுழிப்போர் நம்மிடையே ஏராளம். காட்டுக்குள் சேறு மிதித்து, விடியுமுன் எழுந்து, கெற்சால் பறவையைக் காண மணிக்கணக்கில் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்பதில் என்ன ஒழுக்கக்கேடு இருக்கிறது? இவர்கள் குழுவாகப் போவதற்குக் காரணம் மிக எளியது. இரண்டு ஆண்கள் ஒரே அறை கேட்டால் விடுதி வரவேற்பாளர் ஏற இறங்கப் பார்ப்பார். உணவு மேசையில் ‘மனைவி வரவில்லையா’ என்ற விசாரணை தொடங்கும். ஏனைய தம்பதியர் சிந்தித்தும் பார்க்காத இந்தச் சின்னஞ்சிறு சங்கடங்கள் இல்லாமல் பத்து நாட்களைக் கழிப்பதற்காகவே அவர்கள் மேலதிகமாகப் பணம் செலுத்துகிறார்கள். அமெரிக்காவில் 1970களின் முற்பகுதியில் ஹான்ஸ் எபென்ஸ்ரன் என்பவர் கொலராடோ ஆற்றில் படகுப் பயணங்களை ஒழுங்குசெய்த காலத்தில் இருந்து இந்தத் தொழில் விற்றுவருவது அந்த நிம்மதியைத்தான். அதை வாங்குபவரை நான் குறைகூற மாட்டேன்.

என் வழக்கு விற்பவரோடும், விற்பதற்கு இடம் கொடுக்கும் அரசுகளோடும்தான்.

கொஸ்தாரிக்காவை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டின் காடும் சரி, நேசமும் சரி, இயற்கை அளித்த கொடை என்பதுபோல விளம்பரங்கள் சித்திரிக்கின்றன. இரண்டுமே பொய். 1980களில் அந்நாட்டின் காடு நிலப்பரப்பில் ஏறத்தாழக் காற்பங்காகச் சுருங்கியிருந்தது. மாட்டுப் பண்ணைகளுக்காக வெட்டி எரித்திருந்தார்கள். 1996ஆம் ஆண்டின் வனச்சட்டம், காட்டை அழித்து நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதைத் தடைசெய்தது. காட்டைப் பேணும் நில உரிமையாளருக்கு அரசே பணம் கொடுக்கும் முறையும் வந்தது. இன்று நாட்டின் பாதிக்கு மேற்பட்ட பரப்பில் மீண்டும் மரம் நிற்கிறது. சுற்றுலாப் பயணி தொங்குபாலத்தில் நின்று வியக்கும் பசுமையின் வேர் சட்டப்புத்தகத்தில் இருக்கிறது.

அந்த ‘நேசத்தின்’ கதையும் இதேதான். கத்தோலிக்கத்தை அரச சமயமாக அரசியலமைப்பிலேயே எழுதிவைத்துள்ள நாடு அது. தன்பாலுறவைக் குற்றமாகக் கருதிய சட்டத்தை 1971இல் நீக்கிய போதிலும், பகைமை நீங்கவில்லை. 2010ஆம் ஆண்டு, ஒரே பாலினத் தம்பதியரின் உறவைச் சட்டம் அங்கீகரிப்பதா இல்லையா என்பதைச் சர்வசன வாக்கெடுப்புக்கு விட ஏற்பாடாகியிருந்தது. வாக்கெடுப்பு நடந்திருந்தால் முடிவு என்னவாகியிருக்கும் என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. அந்த ஓகஸ்டில் நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் குறுக்கிட்டு வாக்கெடுப்பை நிறுத்தியது. சிறுபான்மை ஒன்றின் உரிமையைப் பெரும்பான்மையின் வாக்குக்கு விடமுடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இந்த இடத்தில் தமிழ் வாசகர் சற்று நின்று நிதானிக்க வேண்டும். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் பெரும்பான்மை வாக்கினால் நிறைவேறியபோது நாம் எழுப்பிய கூக்குரல் என்ன? எண்ணிக்கையால் உரிமையை அளக்காதே என்பதல்லவா? அந்த நியாயத்தை ஓர் இனத்துக்காக உரத்துக் கேட்டவர்கள், அதே நியாயத்தை இன்னொரு சிறுபான்மை கேட்கும்போது ‘எங்கள் மக்களில் பெரும்பாலோர் விரும்பவில்லையே’ என்று பதிலளிப்பது எந்த வகையில் சேர்த்தி? சிறுபான்மையாக வாழ்ந்து அடிபட்ட சமூகத்துக்கு இந்தப் பதில் அழகல்ல.

கொஸ்தாரிக்காவில் போராட்டம் அத்துடன் முடியவில்லை. 2018 ஜனவரியில் அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம், ஒரே பாலினத் தம்பதியருக்கும் திருமண உரிமை உண்டு என்று கருத்துரைத்தது. அடுத்த மாதமே நடந்த ஜனாதிபதித் தேர்தலின் முதற்சுற்றில், அந்தக் கருத்துரையை எதிர்த்த பாடகரும் மதப் போதகருமான பப்ரீசியோ அல்வராடோ முதலிடம் பெற்றார். ஏப்ரலில் நடந்த இரண்டாம் சுற்றில் கார்லோஸ் அல்வராடோ சுமார் 60 சதவீத வாக்குகளுடன் அவரைத் தோற்கடித்தார். அதே ஆண்டு ஓகஸ்டில் அரசியலமைப்பு நீதிமன்றம் திருமணத் தடை செல்லாது எனத் தீர்ப்பளித்து, சட்டமன்றத்துக்கு 18 மாத அவகாசம் வழங்கியது. 2020 மே 26 முதல் அந்த உரிமை நடைமுறைக்கு வந்தது. மத்திய அமெரிக்காவில் அதுவே முதல் நாடு. இன்று அரேனல் எரிமலைப் பாதையில் குழுவை வழிநடத்தும் கொஸ்தாரிக்கா இளைஞன் தன்பாலீர்ப்பாளனாக இருந்தால், அவன் அழைத்துச்செல்லும் விருந்தினருக்கு உள்ள அதே உரிமை அவனுக்கும் உண்டு. அங்கே அந்த அடைமொழிக்குப் பின்னால் ஒரு சட்டம் நிற்கிறது.

எரிமலையும் மழைக்காடும் கொஸ்தாரிக்காவின் தனியுடைமை அல்ல. இந்தோனேசியாவிலும் அவை உண்டு. அங்கே 2022 டிசெம்பரில் நிறைவேற்றப்பட்ட புதிய தண்டனைச் சட்டக்கோவை, திருமணத்துக்குப் புறம்பான பாலுறவைக் குற்றமாக்கியது. ஓராண்டு வரை சிறை. 2026 ஜனவரி 2 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஒரே பாலினத்தவர் திருமணம் செய்ய முடியாத நாட்டில், அவர்களது உறவு என்றைக்குமே திருமணத்துக்குப் புறம்பானதுதான். சட்டம் நிறைவேறிய கையோடு பாலித் தீவின் ஆளுநர் செய்தது என்ன? சுற்றுலாப் பயணிகளின் திருமண நிலையை எவரும் விசாரிக்கமாட்டார்கள் என்று உலகுக்கு உத்தரவாதம் அளித்தார். வாழ்க்கைத் துணையோ பெற்றோரோ பிள்ளைகளோ முறையிட்டால்தான் வழக்கு என்பதும் பயணிகளுக்கு ஆறுதலாகச் சொல்லப்பட்டது. வெளிநாட்டுப் பயணியின் தந்தை பாலிப் பொலிசாரிடம் வரப்போவதில்லை. உள்ளூர் இளைஞனின் தந்தை பக்கத்துத் தெருவில் இருக்கிறார். லூசர் மழைக்காட்டின் பெரும்பகுதியைக் கொண்ட ஆச்சே மாகாணத்தில் நிலைமை இன்னும் கொடியது. 2017 மே மாதத்தில் இரண்டு இளைஞர்களைப் பொதுமேடையில் நிறுத்தி ஆளுக்கு 83 பிரம்படி கொடுத்தார்கள். 2025 பெப்ரவரியிலும் இருவருக்குப் பிரம்படித் தண்டனை நிறைவேற்றப்பட்டது.

விருந்தினனுக்கு விலக்கும் குடிமகனுக்குப் பிரம்பும் அளிக்கும் இந்த ஏற்பாட்டுக்கு நேசம் என்று பெயரிட முடியாது. அது வெறும் வியாபாரம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2025 செப்ரெம்பரில் இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை, பாலினச் சிறுபான்மைப் பயணிகளை வரவேற்கும் திட்டம் ஒன்றுக்கு ஆதரவு தெரிவித்துக் கடிதம் கொடுத்தது. கர்தினால் மல்கம் ரஞ்சித் உட்பட மதத் தலைவர்கள் கண்டனம் எழுப்பினர். அந்தச் சர்ச்சையின் மையத்தில் நின்றவர் வெளிநாட்டுப் பயணி. ஒரு தரப்புக்கு அவர் டொலர், மறு தரப்புக்கு அவர் தொற்றுநோய். அக்கடிதம் எழுதப்பட்ட வேளையில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 365, 365ஏ ஆகிய பிரிவுகள் அப்படியே இருந்தன. ‘பாரிய அநாகரிகச் செயல்’ என்ற பெயரில் இரண்டு ஆண்டு வரை சிறைக்கு வழிசெய்யும் பிரிவு 365ஏ. 1995இல் அதைத் திருத்தியபோது நீக்கவில்லை. ஆண்களுக்கு மட்டும் இருந்ததைப் பெண்களுக்கும் நீட்டித்தார்கள். சமத்துவம் இப்படித்தான் நம் நாட்டில் வருகிறது! நீக்குவதற்கான தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று உயர் நீதிமன்றம் 2023இல் தீர்மானித்தது. அந்தப் பாராளுமன்றம் 2024 செப்ரெம்பரில் கலைக்கப்படும்வரை அது நிறைவேறவேயில்லை.

தன்பாலீர்ப்பு மேற்கிலிருந்து இறக்குமதியானது என்போருக்கு ஒரு தகவல். இறக்குமதியானது அந்தச் சட்டம்தான். விக்ரோறியா மகாராணி காலத்து ஆங்கிலேயர் எழுதிவைத்துவிட்டுப் போனது. அவர்கள் தங்கள் நாட்டில் அதைக் கைவிட்டு அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. நாம் அதைப் பரம்பரைச் சொத்தாகக் கட்டிக் காக்கிறோம்.

‘பயணிகள் வந்தால் மனப்பான்மை மெல்ல மாறும், சட்டம் பின்னால் வரும்’ என்று வாதிடும் நண்பர்கள் உண்டு. அவர்களது நல்லெண்ணத்தை மதிக்கிறேன், வாதத்தை ஏற்கவில்லை. விடுதியில் அறையைத் துப்புரவு செய்யும் மட்டக்களப்பு இளைஞன், விருந்தினர் இருவருக்கு மலர்தூவிய கட்டிலை விரித்துவிட்டு, தன் நண்பனோடு கைகோத்து நடக்க அஞ்சி வீடு திரும்புவானாயின், அவனுக்கு அந்த டொலர் கற்பிப்பது அவனுடைய இழிநிலையை மட்டுமே. காட்டைப் பயணிகளின் வியப்பு காப்பாற்றவில்லை, சட்டம் காப்பாற்றியது. மனிதருக்கும் அதுவே பொருந்தும்.

ஆகவே, இத்தகைய சுற்றுலாவுக்குப் பணம் கட்டும் புலம்பெயர் தமிழர் எவராயினும், தொங்குபாலத்தின் நீளத்தை விசாரிக்கும் போது இன்னொன்றையும் விசாரியுங்கள்: என் வழிகாட்டிக்கு இந்த நாட்டில் என்ன உரிமை இருக்கிறது? பதில் சொல்லத் தயங்கும் நிறுவனத்தின் அடைமொழி வெறும் மையால் எழுதப்பட்டது. கொழும்பில் இருப்போருக்கோ அதைவிடச் சிறிய வேலைதான் உள்ளது. வரவேற்புக் கடிதத்தை எழுதுமுன் இரண்டு பிரிவுகளை நீக்குங்கள்.