பெயின்ட் யார் அடிச்சது என்று கேட்டவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவங்க வாசிங்க.

போன கிழமை கல்லடிப் பாலத்தடியில் நின்று எடுத்த வாப்பாவின் மொரிஸ் மைனர் படத்தைப் போட்டிருந்தேன். இன்பாக்ஸில் வந்த கேள்வி எல்லாம் ஒன்றுதான்: "ஸேர், பெயின்ட் யார் அடிச்சது? எவ்வளவு போனது?" ஸ்டேரிங் எப்படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அந்தக் காரில் நான் அதிகம் செலவழித்தது அதற்குத்தான்.

78 சூறாவளிக்கு அடுத்த வருடம் வாப்பா வாங்கிய கார் அது. அவர் மௌத்தான பிறகு நான் எடுத்தபோது ஸ்டேரிங்கைக் கால்வாசி சுற்றினாலும் சக்கரத்தில் ஒரு அசைவும் இருக்காது. முதலில் காட்டிய கராஜில் கிறீஸ் அடித்து, எதையோ இறுக்கி, "மைனர் என்றால் அப்படித்தான் ஸேர்" என்று அனுப்பி விட்டார்கள். நானும் நம்பினேன். படித்த மனிதன், விஞ்ஞான பாடம் வேறு எடுக்கிறேன்!

மார்கழி மழையில் ஒரு பின்னேரம், ரியூஷன் முடிந்து சைக்கிளில் வந்த பொடியன் ஒருவன் பள்ளத்துக்கு விலகி என் முன்னால் வந்தான். நான் ஸ்டேரிங்கை வெட்டினேன். கார் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. அல்ஹம்துலில்லாஹ், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் வகுப்புப் பிள்ளை அவன். அடுத்த நாள் ஏழு மணிக்கு "குட் மோர்னிங் ஸேர்" என்று எழும்பி நின்றான். எனக்குத்தான் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மைனர் என்றால் அப்படித்தான்" என்பது பச்சைப் பொய். 1948இல் அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து வந்த அந்தக் காரில் நல்ல பெயர் வாங்கியதே ஸ்டேரிங்தான். சின்னப் பல்சக்கரம் ஒன்று, பல்லுள்ள நீட்டுக் கம்பியை இடம் வலமாகத் தள்ளும் ராக் முறை. எவ்வளவு நல்லதென்றால், 1958இல் ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தபோது மைனரின் ராக்கைத்தான் எடுத்துப் போட்டார்கள். அதன் உடன்பிறப்பு எம்ஜி மிட்ஜெட்டிலும் அதுதான். கொழும்பில் மிட்ஜெட் வைத்திருக்கும் என் கூட்டாளி இதைச் சொன்னதும் சிரித்தான். "உன்ர காருக்கும் என்ர காருக்கும் ஒரே வருத்தம் மச்சான்."

பிறகு டவுனில் எழுபது தாண்டிய ஒரு ஐயாவிடம் போனேன். அவர் ஸ்பானரைத் தொடவே இல்லை. என்னை உள்ளே இருத்தி ஸ்டேரிங்கை மெதுவாக ஆட்டச் சொல்லிவிட்டு, கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்துப் பார்த்தார். பிறகு ஜாக்கில் தூக்கி, சக்கரத்தை இடம் வலமாகப் பிடித்து ஆட்டினார். அந்த ஆட்டம் ராக்கிலும் டை ரொட் முனையிலும் உள்ள தேய்வு. மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். அது கிங்பின், பெயரிங். மைனரில் இதுதான் ஆளைக் கொல்வது. கிங்பின்னின் கீழ் மூட்டு புரியில் நிற்கிறது. கிறீஸ் காணாமல் புரி தேய்ந்தால், ஒருநாள் சக்கரம் கால் மடங்கின மாதிரி உள்ளே விழுந்துவிடும்.

ராக்கின் ரப்பர் உறை கிழிந்திருந்தது. உள்ளே நம்ம ஊர் மணலும் உப்புத் தண்ணியும். அதற்குள் இருக்க வேண்டியது கியர் ஒயில். முதல் கராஜ் கிறீஸை அடைத்திருந்தது. இறுக்கியதும் பிழை. நேராகவே ஓடுவதால் ராக் நடுவில்தான் தேயும். நடுவில் உள்ள ஆட்டத்துக்காக இறுக்கினால், முழுதாகத் திருப்பும்போது பிடித்துக்கொள்ளும். "இறுக்கினது மருந்து இல்ல ஸேர், வருத்தத்தை மறைச்சது" என்றார் ஐயா. பஞ்சிகாவத்தைக்கு இரண்டு தரம் போய்த் தேடிச் சாமான் எடுத்தேன். டை ரொட் முனைக்கு வெல்டிங் வைக்கலாமா என்று கேட்டேன், காசை மிச்சம் பிடிக்க. அவர் பார்த்த பார்வையை இங்கே எழுத ஏலாது.

அவர் கூலி சொன்னபோது நான் பேரம் பேசினேன். அதைத்தான் இன்று வெட்கத்தோடு எழுதுகிறேன். பெயின்ட்காரர் சொன்ன தொகையை அப்படியே கொடுத்தவன் நான். வெளியே மினுங்குவதற்குக் கேட்டதைக் கொடுக்கிறோம். அடியில் படுத்து நம் உயிரைப் பார்க்கிறவரிடம் ஐநூறு குறைக்கச் சொல்கிறோம்.

அரசாங்கமும் நம்மைப் போலத்தான். 2008இல் இருந்து வருட லைசன் எடுக்கப் புகைப் பரிசோதனை வேண்டும். பஸ், லொறிக்குத் தகுதிச் சான்றிதழும் உண்டு. ஆனால் ஐம்பது அறுபது வயதுத் தனியார் காரின் ஸ்டேரிங்கை வருடத்தில் ஒருதரமாவது ஆட்டிப் பார்க்க ஒரு ஏற்பாடும் இல்லை. என் கார் சாகக் கிடந்த வருடமும் புகையில் பாஸ்! 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்குத் திறந்தது 2025இல். அந்த ஐந்து வருடத்தில் ஷெட்டில் கிடந்த பழையதெல்லாம் ரோட்டுக்கு வந்துவிட்டது. ஜாக்கில் தூக்கிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். புகை பார்க்கும் இடத்திலேயே இதையும் செய்யலாம். ஏழைகளுக்குச் செலவு என்பார்கள். பார்ப்பதற்குச் செலவில்லை. அந்தச் சைக்கிள் பொடியனின் வாப்பாவும் ஏழைதான்.

இன்னொரு கவலை. அந்த ஐயாவின் கராஜில் பழகுவதற்கு ஒரு பொடியன் கூட இல்லை. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு என்று வைத்திருக்கிறோம், பிள்ளைகள் படம் கீறி லேபிள் போடுகிறார்கள். ஒரு ராக்கைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்த பிள்ளை எத்தனை? நாலு பேரைச் சனிக்கிழமைகளில் அனுப்பட்டுமா என்று ஐயாவிடம் கேட்டேன். "கை ஊத்தையாகும் எண்டு சொல்லி அனுப்புங்கோ" என்றார். இரண்டு பெற்றோர் சம்மதித்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு இடம் இருக்கிறது.

மைனரோ ஏ40யோ வைத்திருக்கிறவங்க வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீட்டுக்குக் கொண்டு வாங்க. ஜாக் இருக்கிறது. எனக்கு ரிப்பேர் தெரியாது. ஆட்டம் இருக்கா இல்லையா என்று பார்க்கத் தெரியும்.