பாடம் படிக்க வேண்டாமா?

மகாராஷ்டிர மாநிலம் பண்டாராவில் உள்ள பொதுத்துறை வெடிமருந்துத் தொழிற்சாலையில் 2025 ஜனவரி 24-ஆம் தேதி நிகழ்ந்த வெடிவிபத்தில் குறைந்தது 8 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். வழக்கம்போல இரங்கல், இழப்பீடு, விசாரணை என்று கடமைகள் முடிந்தன. இதுபோன்ற விபத்துகளிலிருந்து நாம் கற்றுக்கொண்டது என்ன என்கிற கேள்வி மட்டும் விடையின்றி நிற்கிறது.

2000 ஏப்ரலில் ராஜஸ்தானின் பரத்பூர் ராணுவக் கிடங்கில், உலர்ந்த புல்லில் பற்றிய தீ கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள வெடிபொருள்களை அழித்தது. புல்லை உரிய நேரத்தில் வெட்டுவதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

2016 மே 31 அதிகாலையில் மகாராஷ்டிரத்தின் புல்காவ் மத்திய வெடிபொருள் கிடங்கு தீப்பற்றியதில் 19 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் தீயை அணைக்கச் சென்றவர்கள். கண்ணிவெடிகளிலிருந்து டிஎன்டி கசிந்ததே காரணம் எனக் கூறப்பட்டது. இத்தகைய கசிவு ஒரே இரவில் நேர்வதல்ல. குறை தெரிந்தவுடன் அவற்றைத் தனியே பிரித்து அகற்றுவதுதான் பாதுகாப்பின் முதல் விதி.

அந்தத் துயரத்தின் வடு ஆறுவதற்குள், 2018 நவம்பரில் அதே புல்காவ் அருகே, பழைய வெடிபொருள்களை அழிக்கும் திடலில் மேலும் 6 பேர் பலியாயினர். அன்றாடக் கூலிக்கு வந்த கிராமத்தினரும் அவர்களில் அடக்கம். வெடிபொருள் பெட்டியைச் சுமப்பவருக்கு அதன் ஆபத்தைக் கற்பிக்க வேண்டியது யார் பொறுப்பு?

விசாரணை அறிக்கைகளை வெளியிட்டால் ராணுவ ரகசியம் கசிந்துவிடும் என்பது அதிகாரிகளின் வாதம். கையிருப்பின் அளவும் வகையும் ரகசியமாக இருக்கட்டும். தவறு எப்படி நேர்ந்தது என்பது ரகசியமாக இருக்க வேண்டியதில்லை. விமான விபத்துகளின் விசாரணை அறிக்கைகள் வெளியிடப்படுவதால்தான் ஒரு விமானியின் பிழை உலகெங்கும் உள்ள விமானிகளுக்குப் பாடமாகிறது.

ரகசியப் பகுதிகளை நீக்கிவிட்டு, விசாரணை முடிவுகளை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். ஒவ்வொரு கிடங்குக்கும் தொழிற்சாலைக்கும் அவற்றை அனுப்பி, செய்த திருத்தங்களுக்குக் கணக்குக் கேட்க வேண்டும். உயிரிழப்பின்றித் தப்பிய சிறு தவறுகளையும் பதிவு செய்வது அவசியம். குறையைச் சுட்டிக்காட்டும் தொழிலாளி தண்டிக்கப்பட மாட்டார் என்கிற உறுதி இல்லாவிட்டால், யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஓரிடத்தில் உயிரைப் பறித்த தவறு மற்றோரிடத்தில் பணிபுரிபவருக்குத் தெரியாமலே போகுமானால், விசாரணைக்கு உத்தரவிடுவது வெறும் சடங்குதான்!