கொட்டாவியில் தொடங்கிய ஆராய்ச்சி

போதைக்கு அடிமையானவர்களை என்ன செய்வது என்று தெரியாமல் அமெரிக்க அரசு 1935-இல் ஒரு பண்ணையைத் திறந்தது. கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனுக்கு வெளியே, சுமார் ஆயிரம் ஏக்கரில். பாதி சிறை, பாதி மருத்துவமனை. தண்டனை பெற்று வந்தவர்களும் இருந்தார்கள். தாமாகவே வந்து சேர்ந்தவர்களும் இருந்தார்கள். நல்ல காற்று, நேரத்துக்குச் சாப்பாடு, மாட்டுப் பண்ணையில் உழைப்பு, இவையெல்லாம் கிடைத்தால் ஆள் தேறிவிடுவான் என்று நம்பினார்கள். உள்ளே இருந்தவரை தேறவும் செய்தார்கள். வெளியே போனவர்களில் மிகப் பெரும்பாலோர் சில மாதங்களிலேயே மறுபடி ஊசியைத் தேடிப் போனார்கள்.

பிலடெல்பியா மருத்துவர் பெஞ்சமின் ரஷ் 1784-இலேயே மிதமிஞ்சிய குடியை நோய் என்று எழுதிவிட்டார். ஆனாலும் 'திருந்தாத ஜென்மம்' என்ற தீர்ப்புதான் அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளும் செல்லுபடியானது. லெக்சிங்டன் பண்ணையின் தோல்வியைப் பார்த்தும் அதையே சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அங்கே பணியாற்றிய ஏப்ரகாம் விக்லர் அப்படிப் போகவில்லை. 1940-களில் அவர் ஒன்றைக் கவனித்தார். மாதக்கணக்கில் போதை மருந்தைத் தொடாத நோயாளிகள் கூட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். பேச்சு மருந்தின் பக்கம் திரும்பியதும் சிலருக்குக் கண்ணில் நீர் கட்டும், மூக்கு ஒழுகும், கொட்டாவி மேல் கொட்டாவி வரும். மருந்தை நிறுத்தும்போது வரும் அதே அவஸ்தை. ஆனால் உடம்பில் மருந்து துளியும் இல்லை. பழைய தெருவும் பழைய பேச்சுமே அதைக் கிளப்பிவிடுகின்றன, வெளியே போனவர்கள் வழுக்கி விழுவது அதனால்தான் என்றார் விக்லர். (அந்தப் பண்ணையில் ஆராய்ச்சிக்கு உடன்பட்ட கைதிகளுக்குப் போதை மருந்தே கூலியாகத் தரப்பட்டது. 1970-களில் அது வெளிச்சத்துக்கு வந்தது, கைதிகள் மீதான ஆராய்ச்சியும் நின்றது. நம் கைக்கு வந்த அறிவில் இந்த அழுக்கும் ஒட்டியிருக்கிறது.)

அவர் கண்டது மூளைக்குள் எங்கே நடக்கிறது என்பது மெல்லத்தான் துலங்கியது. 1954-இல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஓல்ட்ஸும் மில்னரும் எலியின் மூளையில் மின்கம்பி பொருத்தினார்கள். எலி விசையை அழுத்தி அழுத்தித் தனக்குத் தானே மின்சாரம் பாய்ச்சிக்கொண்டது. 1973-இல் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் அபின் வகை மருந்துகள் மூளையில் போய் ஒட்டும் ஏற்பிகளைக் காட்டினார்கள். பிறகு மூளை ஆய்வாளர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸின் சோதனைக் குரங்குகள். முதலில் பழச்சாறு நாக்கில் பட்டதும், டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள் துள்ளின. பழகிய பின், சாறு வரப்போகிறது என்று சொல்லும் அடையாளத்துக்கே துள்ளின. டோபமைனின் வேலை இன்பத்தைவிட எதிர்பார்ப்போடுதான் அதிகம் சேர்ந்தது என்று புரிந்தது. 'குடிக்கவே பிடிக்கல, கால் தானா போகுது' என்று குடிநோயாளிகள் சொல்வது சாக்குப்போக்கல்ல. விருப்பமும் வேட்கையும் மூளையில் வேறு வேறு தடங்கள் என்று 1993-இல் ராபின்சனும் பெரிட்ஜும் எழுதியது இதைத்தான்.

பழைய தெருவே வேட்கையைக் கிளப்புகிறது என்று விக்லர் சொன்னதற்கு வியட்நாம் போர் யாரும் திட்டமிடாத ஒரு சோதனையாக அமைந்தது. 1971-இல் ஊர் திரும்பிய ராணுவ வீரர்களை லீ ராபின்ஸ் ஆராய்ந்தார். ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயின் வகை மருந்துகளுக்கு அடிமையாகியிருந்தார். அமெரிக்காவே நடுங்கியது. ஆனால் அப்படி அடிமையானவர்களில், திரும்பி வந்த முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் ஏறத்தாழ 5 சதவீதமே. லெக்சிங்டன் நோயாளிகளின் அதே நாடு, அதே வகை மருந்து. லெக்சிங்டனிலிருந்து போனவர்கள் போதை பழகிய தெருவுக்கே திரும்பினார்கள், இவர்கள் அதை விட்டு விலகி வந்தார்கள். இது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. சிறு காரணம் என்றும் தள்ள முடியாது.

1997-இல் ஆலன் லெஷ்னர் 'அடிமைத்தனம் ஒரு மூளை நோய்' என்று அறிவித்தது பலரை அவமானத்திலிருந்து மீட்டது, உண்மைதான். ஆனால் அதைப் பாதி காதில் வாங்கியவர்கள், 'மூளையே கெட்டுப்போச்சு, இனி என்ன' என்று கைகழுவவும் அது வழி செய்தது. மூளை அழுத்தமாகக் கற்றுக்கொண்டுவிட்டது என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கற்றதை அழிப்பது கடினம். அதன்மேல் வேறொன்றைப் பழக்க முடியும், காலம் பிடிக்கும்.

ஜாஸ் கலைஞர் சானி ரோலின்ஸ் 1955-இல் லெக்சிங்டனில் சிகிச்சை பெற்றார். வெளியே வந்ததும் மேடைக்கு ஓடவில்லை. சிகாகோவில் துப்புரவுப் பணி போன்ற கூலி வேலைகளில் இருந்தார். பழைய சகாக்கள் கூடும் கிளப்புகளைக் கண்டு பயந்தார். தெம்பு வந்த பிறகே வாசிக்கப் போனார். மூளை ஆய்வுகள் பின்னால் சொன்னதை அவர் அனுபவத்தில் செய்தார்.

தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசின் டாஸ்மாக் கையில். மறுவாழ்வு மையத்தில் சில வாரம் இருந்து வருபவர் அதே பேருந்து நிறுத்தத்தில்தான் இறங்குகிறார். எதிரே அதே கடை. மறுபடி குடித்தால் 'பணம் தண்டம்' என்று வீட்டில் அழுகிறார்கள். சர்க்கரை ஏறினால் மருந்தின் அளவை மாற்றும் நாம் இங்கே மட்டும் ஆளைக் கைவிடுகிறோம். மையங்களை நடத்துபவர்களுக்கும் வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள்: மாத்திரைச் சீட்டோடு அனுப்பிவைக்கும்போது, முதல் சம்பள நாளன்று அவர் எந்தத் தெரு வழியாக, யாரோடு வீட்டுக்கு வரப்போகிறார் என்பதையும் அவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.