கணக்குத் தெரியும், சொல்தான் தெரியவில்லை

நாளை கணிதப் பரீட்சை. சார்ஜாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சிறிய அறையில், பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி புள்ளிவிபரவியல் கணக்கொன்றின் முன் கண்கலங்கி இருக்கிறாள். வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பிய தந்தை புத்தகத்தை எட்டிப் பார்க்கிறார். எல்லாம் ஆங்கிலம். "இது எனக்கு விளங்காது பிள்ளை, ரியூசன் ரீச்சரைக் கேள்" என்று சொல்லி விலகிக்கொள்கிறார். ரீச்சரோ தொலைபேசியை எடுக்கவில்லை. மத்திய கிழக்கில் வாழும் எமது குடும்பங்களுக்கு இத்தகைய இரவு புதியதன்று.

அந்தத் தந்தை உண்மையில் கணக்குத் தெரியாதவரா? யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ தமிழ் மொழி மூலம் சாதாரண தரம் கற்று, கணிதத்தில் நல்ல சித்தி பெற்றவர் அவர். அவருக்குத் தெரியாதது சொல் மட்டுமே. அவர் படித்தது மீடிறன். மகளின் நூலில் இருப்பது பிறீக்குவென்சி. அவர் படித்தது இடை. மகளுக்கு அது மீன். அடுத்த வீட்டுத் தமிழக நண்பரை அழைத்தாலோ, அவர் நிகழ்வெண் என்பார், திட்டவிலக்கம் என்பார். நாம் நியம விலகல் என்போம். மூன்று சொற்களுக்கிடையே ஒரு பிள்ளையின் கணக்கு அகப்பட்டுத் தவிக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். 0–10 தொடங்கி 40–50 வரை ஐந்து வகுப்பாயிடைகள். மீடிறன்கள் முறையே 4, 6, தெரியாத எண், 8, 2. இடை 24.5. தெரியாத மீடிறன் யாது? நேர்வழியில் சென்றால் தெரியாக்கணியம் சமன்பாட்டின் இருபுறமும் வந்து நிற்கும். பதற்றத்தில் இருக்கும் பிள்ளை குறியொன்றைப் பிழையாக இட்டுவிடும்.

தந்தை கற்ற எடுகொண்ட இடை முறையோ இதனை எளிதாக்குகிறது. தெரியாத மீடிறன் உள்ள வகுப்பின் நடுப்பெறுமானமான 25 ஐ எடுகொண்ட இடையாகக் கொண்டால், அவ்வகுப்பின் விலகல் பூச்சியம். எந்த எண்ணைப் பூச்சியத்தால் பெருக்கினாலும் பூச்சியமே. தெரியாத எண் கூட்டுத்தொகையிலிருந்து மறைந்துவிடுகிறது. மற்றைய விலகல்கள் −20, −10, 10, 20. அவற்றை உரிய மீடிறன்களால் பெருக்கிக் கூட்டினால் −20 வரும். தரப்பட்ட இடை 25 இலும் 0.5 குறைவு. 20 ஐ 0.5 ஆல் வகுக்க மொத்த மீடிறன் 40. தெரிந்த நான்கின் கூட்டுத்தொகை 20. விடுபட்டதும் 20. இதே முறை மகளின் சி.பி.எஸ்.ஈ. பாடநூலிலும் இருக்கிறது, பெயர்தான் வேறு.

ஒரு கணக்குக்காக இவ்வளவு பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். வளைகுடா நாடுகள் எவையும் 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் இணையவில்லை. அங்குள்ள எம்மவருள் பெரும்பாலானோரின் இருப்பு தொழில் விசாவில் தங்கியுள்ளது. பிள்ளையின் இருப்பு தந்தையின் விசாவில் தங்கியுள்ளது. வேலை போனால் வீடும் போகும், பாடசாலையும் போகும். எந்த நாட்டுக்குச் சென்றாலும் பிள்ளை தன்னுடன் கொண்டு செல்லக்கூடியது பரீட்சைப் பெறுபேறு ஒன்றே.

மேலும், புள்ளிவிபரவியல் எமக்கு வெறும் பாடமன்று. 1970களில் மொழிவாரியாகப் புள்ளிகளை மாற்றியமைத்த தரப்படுத்தல் எத்தனை இளைஞரின் பல்கலைக்கழகக் கதவை மூடியது என்பதை நாம் அறிவோம். 2001 முதல் இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்குப் பயன்பட்டுவரும் இசட் புள்ளியும் இடையையும் நியம விலகலையும் கொண்டே கணிக்கப்படுகிறது. 2011 உயர்தரப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டங்களில் தோற்றியோரை ஒன்றாகக் கலந்து அதனைக் கணித்தார்கள். 2012 இல் உயர் நீதிமன்றம் அதனைச் செல்லுபடியற்றதாக்கி, இரு சாராருக்கும் வேறுவேறாகக் கணிக்கும்படி பணித்தது. இடை என்றால் என்னவென்று அறிந்தோர் கேள்வி கேட்டதனாலேயே அது நிகழ்ந்தது.

கைத்தொலைபேசியில் படம் பிடித்தால் விடை வந்துவிடுகிறதே என்பாரும் உளர். விடை வரும். ஆனால் பரீட்சை மண்டபத்தினுள் தொலைபேசி வராது. பிள்ளைக்கு வேண்டியது விடையன்று. அருகில் அமர்ந்து வழி காட்டும் ஒருவர்.

ஆகவே மூன்று காரியங்கள் செய்யத்தக்கவை. முதலாவது, தமிழ்ச் சங்கங்கள் இலங்கைச் சொல், தமிழகச் சொல், ஆங்கிலச் சொல் ஆகியவற்றை வரிசைப்படுத்தி ஒரே தாளில் அச்சிட்டு வீடுதோறும் கொடுக்கலாம். ஐம்பது சொற்கள் போதும். இரண்டாவது, 2023 டிசம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் தனியார் வகுப்பு நடத்துவோருக்குக் கட்டணமின்றி இரண்டாண்டு அனுமதிப்பத்திரம் வழங்கும் ஏற்பாட்டை அறிமுகப்படுத்தியது. ஆசிரியர்கள் மட்டுமன்றி 15 முதல் 18 வயது வரையான மாணவர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம். எம்மிடையே உள்ள பட்டதாரிகளும் மூத்த மாணவர்களும் அதனைப் பெற்று, ஒளிவுமறைவின்றி, குறைந்த கட்டணத்தில் கற்பிக்க முன்வரவேண்டும். மூன்றாவது, ஐரோப்பாவிலும் கனடாவிலும் கணிதமும் பொறியியலும் கற்ற எமது பிள்ளைகள், வளைகுடாவில் உள்ள தம் மச்சான் மச்சாளுக்கு வாரத்தில் ஒரு மணிநேரம் கணினி வழியே ஒதுக்கலாம்.

இவையெல்லாம் கைகூடும்வரை அந்தத் தந்தை காத்திருக்க வேண்டியதில்லை. "எனக்கு விளங்காது" என்று விலகாமல், ஒரு கதிரையை இழுத்துப்போட்டு மகளின் அருகில் அமரட்டும். "இந்தச் சொல்லுக்கு என்ன கருத்து?" என்று அவளிடமே கேட்கட்டும். அவள் சொல்லைச் சொல்வாள். அவர் கணக்கைச் சொல்லலாம்.