கணனிப் பக்கம்: திறக்கத் தாமதிக்கும் கோப்பு



கூட்டம் தொடங்க இன்னும் ஐந்தே நிமிடங்கள். இரவெல்லாம் விழித்திருந்து தயாரித்த பவர்பொயின்ட் கோப்பு காரியாலயத்தின் பொதுச் சேவரில் இருக்கிறது. அதைச் சொடுக்கினால் திரையில் வட்டம் மட்டும் சுற்றுகிறது. குற்றம் எங்கோ இருக்க, "ஆயத்தமில்லாமல் வந்துவிட்டார்" என்ற பெயர் நமக்கு வந்து சேர்கிறது. தொழில் புரியும் சகோதரிகள் பலர் படும் சங்கடம் இது. காரணத்தைக் கண்டறிய கணனிப் பொறியியலாளர் தேவையில்லை. சிறிது பொறுமை போதும்.

முதலில் ஒரு சோதனை. கோப்பைச் சேவரிலிருந்து உங்கள் கணனியின் டெஸ்க்டொப்புக்குக் கொப்பி செய்து, அங்கிருந்து திறந்து பாருங்கள்.

அங்கே விரைவாகத் திறந்தால், குறை வரும் வழியில் இருக்கிறது. செக்கனுக்கு 100 மெகாபிட் வேகமுள்ள வயர் இணைப்பில், எட்டு பிட் ஒரு பைட் என்ற கணக்கில், செக்கனுக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் வராது. எனவே 200 மெகாபைட் கோப்பு வந்து சேரவே குறைந்தது 16 செக்கன் ஆகும். சேவரின் இணைப்பும் அதே வேகமாக இருந்து, ஐந்து பேர் ஒரே நேரத்தில் திறந்தால் 80 செக்கன். வைஃபை பலவீனமாக இருந்தால் இன்னும் தாமதிக்கும். வயர் இணைப்பு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். வைரஸ் தடுப்பு மென்பொருள் சேவர் கோப்புகளைச் சோதிப்பதாலும் தாமதம் ஏற்படலாம். அதைப் பொறுப்பானவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

டெஸ்க்டொப்பிலும் தாமதமானால், மூன்று இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, படங்கள். கைத்தொலைபேசியில் எடுத்த 12 மெகாபிக்சல் படம் 4000க்கு 3000 புள்ளிகள் கொண்டது. சாதாரணத் திரையோ 1920க்கு 1080 தான். அதாவது தேவையைப் போல் ஏறக்குறைய ஆறு மடங்கு. படவில்லையில் படத்தைச் சிறிதாக்கினாலும் கோப்பின் பாரம் குறையாது. படத்தைச் சொடுக்கி, 'பிக்சர் ஃபோர்மட்' பகுதியில் 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' என்பதைத் தெரிந்து, 'இந்தப் படத்துக்கு மாத்திரம்' என்ற அடையாளத்தை நீக்கி, 150 பிபிஐ அளவைத் தெரிவு செய்யுங்கள். அதற்கு முன் மூலக் கோப்பின் பிரதியொன்றை வேறாக வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. படமொன்றின் ஓரத்தை வெட்டிவிட்டால், வெட்டிய பகுதி கண்ணுக்குத் தெரியாதே தவிர கோப்புக்குள் அப்படியே இருக்கும். கோப்பைப் பெறுபவர் அதை மீண்டும் வெளிக்கொணரலாம். வீட்டில் எடுத்த படத்தில் பிள்ளைகளையோ குடும்பத்தவரையோ வெட்டி நீக்கியிருந்தால், அதே இடத்திலுள்ள 'டிலீட் க்ரொப்ட் ஏரியாஸ்' என்பதையும் அடையாளமிடுங்கள். பாரமும் குறையும், அந்தரங்கமும் காக்கப்படும்.

இரண்டு, இணைப்புகள். எக்செல் அட்டவணையை வேறொரு சேவரிலிருந்து இணைத்திருந்து, அந்தச் சேவர் இப்போது இல்லாவிட்டால், கணனி அதைத் தேடிக் காத்திருக்கும். 'ஃபைல்', 'இன்ஃபோ' வழியே சென்று 'எடிட் லிங்ஸ்' பட்டியலைப் பாருங்கள். பயனற்ற இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

மூன்று, அச்சு இயந்திரம். இதுவா காரணம் என வியக்க வேண்டாம். வெற்றுக் கோப்பைத் திறக்கவே பவர்பொயின்ட் தாமதித்தால், வழக்கமான பிரின்டராகக் குறித்து வைத்திருக்கும் வலையமைப்புப் பிரின்டர் அணைந்திருக்கலாம். 'மைக்ரோசொஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்' என்பதை வழக்கமான பிரின்டராக மாற்றிச் சோதித்துப் பாருங்கள்.

வேகத்துக்காக 'புரொடெக்டட் வியூ' பாதுகாப்பை நிறுத்தும்படி சிலர் ஆலோசனை கூறுவர். கேட்க வேண்டாம். மின்னஞ்சலில் வரும் தீங்கான கோப்புகளிலிருந்து காரியாலயம் முழுவதையும் காக்கும் கதவு அது.

கடைசியாக, கூட்ட நாளில் கோப்பை முதல் நாளே உங்கள் கணனிக்கு எடுத்து, பெயரோடு திகதியும் சேர்த்து வையுங்கள். கூட்டம் முடிந்தபின் சேவரில் திருப்பி வைக்கும்போது, இடையில் வேறொருவர் அதைத் திருத்தியிருக்கிறாரா எனப் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அவருடைய உழைப்பு உங்கள் கையால் அழிந்துவிடும்.